அப்பா செடி என்று நீ அழைத்தது

இளங்கோ,

நலம் விசாரிக்கும் வரிகளை இந்தக் கடிதத்தில் தேடாதே. நேற்று மாலை தொலைபேசியில் அவற்றையெல்லாம் நாம் பேசி முடித்துவிட்டோம். உன் காய்ச்சல், கயலின் வாந்தி, ஓசூரின் குளிர், என் முழங்கால் என்று எதுவும் மிச்சமில்லை. முடிவில் நீ ஒன்று கேட்டாய். "யம்மா, வளைகாப்புக்கு நாங்க வரப்ப அப்பா செடியில நாலு கொடி வெட்டி ஈரத்துணியில சுத்தி வெச்சிரு. இங்க பால்கனியில வெக்கிறோம். கயலுக்கு ரத்தம் கம்மின்னு டாக்டர் சொல்றாங்க, கீரையா செஞ்சு குடுத்தா நல்லதுதான?" நான் "சரிப்பா" என்றேன். அந்தச் "சரிப்பா" பொய். ஆறு ஆண்டுகளாக நான் உன்னிடம் சொல்லிவரும் பொய்களில் அது கடைசியாக இருக்கட்டும் என்றுதான் இன்று தாளை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசலில் நீ பார்த்துப் பழகிய செடியில் ஓர் இலையைக்கூடக் கயல் உண்ணக் கூடாது. அது கரிசலாங்கண்ணி அன்று. ஒருபோதும் அதுவாக இருந்ததில்லை. கயலுக்கு எந்தக் கீரையும், எந்தச் சாறும் அவளைப் பார்க்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதே. நானே கொடுத்தாலும் வாங்காதே. இதை வாசித்துவிட்டு நீ கடிதத்தை மடித்து வைத்தாலும் இதன் முதற்பயன் நிறைவேறிவிடும். ஆனால் மடித்து வைக்காதே என்று கேட்டுக்கொள்கிறேன்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள் என்பது உனக்குத் தெரியும். அதன்பின் நான் கற்றதெல்லாம் ஊர்ப்புற நூலகத்தின் இரண்டு அலமாரிகளிலிருந்து. முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் மனு எழுத வேண்டியவர்கள் நம் வீட்டு வாசலில்தான் வந்து நின்றார்கள். கல்லூரி முடித்தவர்களும் நின்றார்கள். என் வாக்கியத்தில் பிழை கண்டவர் எவருமில்லை. உன் அப்பா என்னை "டீச்சரம்மா" என்று அழைத்ததில் பாதி கேலி, பாதி பெருமிதம். சுண்ணாம்புக்கல் லாரியை நிறுத்திவிட்டுத் தலைமுதல் கால்வரை வெளுத்துப்போய் வந்து நிற்பார். "டீச்சரம்மா, சாக்பீஸ் வந்திருக்கேன், எங்க எழுதணும்?" என்பார். நான் சிரிக்காததுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன்.

நீ திருச்சியில் முதலாண்டு சேர்ந்தபோது உன் விடுதியைப் பார்த்துவிட்டு நான் பெரம்பலூர் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். பாடாலூரில் சாலையோரம் ஒரு செடித் தோட்டம். கறுப்புப் பைகளில் மஞ்சள் பூக்கள் தெரிந்தன. உடனே இறங்கிவிட்டேன். மூலிகை நூலில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்: பொற்றலைக் கையாந்தகரை, மஞ்சள் கரிசாலை, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றும் சொல்வர், ஈர நிலத்தில் தரையோடு படரும், கணுதோறும் வேர் விடும், மஞ்சள் பூ, காமாலைக்கு மருந்து. அந்தப் பெயரின் அழகில் நான் மயங்கியிருந்தேன். தோட்டத்தில் நின்ற பையனிடம், இல்லை, பையன் என்று சொல்லக் கூடாது, என் வயதுக்காரர்தான், அவரிடம் விலை கேட்டேன். "பேரெல்லாம் தெரியாதுங்க. பங்களா வூட்டுல புல்லு ஓரமா வெப்பாங்க, சும்மா பொத்துன்னு படந்துக்கும்" என்றார். நான் அவருக்குப் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன். அதன் குணங்களையும் விரித்துரைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்படிங்களா, நீங்க சொன்னா சரிங்க" என்றார். அவர் என்னை ஏமாற்றவில்லை, இளங்கோ. அவருக்கு நான் கற்பித்தேன்.

நூலில் இருந்தது கோட்டுப் படம். அதில் இலை ஒடுங்கி நீண்டு வேல்முனைபோல் இருந்தது. நான் வாங்கி வந்த செடியின் இலையோ அகன்று, பளபளப்பாக, இருபுறமும் கொம்பு விட்டதுபோல் பிரிந்திருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். படம் வரைந்தவர் கவனமின்றி வரைந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். என் சொந்த ஊர் அரும்பாவூர். ஏரிப் பாசனம். எங்கள் வயலின் வரப்போரமெல்லாம் உண்மையான மஞ்சள் கரிசாலை கிடந்திருக்கிறது. நாற்று நடும் பெண்கள் அதைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். நான் மட்டும் அவ்வரப்பில் நடக்கும்போதும் கையில் புத்தகத்தோடு நடந்தேன். காலடியில் என்ன மிதிபடுகிறது என்று குனிந்து பார்க்கவில்லை. வரப்பில் பிறந்தவள் சாலையோரத்தில் விலை கொடுத்து வேறொன்றை வாங்கி வந்தேன்.

அது வளர்ந்த வேகம் உனக்கு நினைவிருக்கும். ஓராண்டில் வாசலின் இருபுறமும் மூடியது. சித்திரை வெயிலில் வேப்பமரமே துவண்டு நிற்கையில் அது மட்டும் பூத்தது. ஈரத்தை விரும்பும் செடி எப்படி வறண்ட சுண்ணாம்பு மண்ணில் இப்படிச் செழிக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் கைராசி என்று நினைத்தேன்.

நீ இறுதியாண்டுத் தேர்வு எழுதிய அந்தச் சித்திரையில்தான் உன் அப்பாவின் கண்கள் மஞ்சளாயின. முதல் நாள் மாலை நீ தொலைபேசியில் சொன்ன சொற்களை நான் மறக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா. ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ படிச்சது மிஷின். இது மனுச உடம்பு. நான் பாத்துக்கறேன்." "சரிம்மா, நீ சொன்னா சரி" என்றாய்.

மறுநாள் முதல் ஒவ்வொரு காலையும் வெறும் வயிற்றில், வாசல் செடியின் இலையை அம்மியில் அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். அவர் முகத்தைச் சுளிப்பார். "என்னாடி இது, வேலிய வெட்டி அரைச்ச மாதிரி இருக்கு." ஆனாலும் குவளையைக் காலி செய்துவிட்டுத்தான் தருவார். நீ தினமும் அழைத்தாய். "தேறிக்கிட்டு வர்றாரு, நீ பரீட்சைய முடிச்சிட்டு வா" என்று தினமும் சொன்னேன். அவர் தேறவில்லை. ஐந்தாம் நாள் சோறு இறங்கவில்லை. ஏழாம் நாள் உடம்பெல்லாம் அரிப்பு. மருந்து வேலை செய்கிறது, உள்ளிருப்பது வெளியேறுகிறது என்று அதற்கும் நானே விளக்கம் கண்டுபிடித்தேன்.

ஒன்பதாம் நாள் காலை. அவர் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பின்தெரு அஞ்சலை ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். உன்னைச் சிறு வயதில் ஆட்டுக்குட்டி தூக்க விடுவாளே, அவள்தான். அம்மியில் இருந்ததைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"யக்கா, ஒரு வார்த்த சொல்றேன், கோச்சுக்காத. இது நம்ம வாய்க்கா ஓரத்துச் செடி இல்லக்கா. அது வேற. இது ஏதோ அழகுக்கு வெக்கிறது."

"நான் புத்தகத்துல பாத்திருக்கேன், அஞ்சலை."

"பாத்திருப்பக்கா. எங்க ஆடு படிக்கல, அதான் மோந்துட்டு ஒதுங்கிப் போவுது."

உன் அப்பா சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான். நான் சிரிக்கவில்லை. "ஆடு மேய்க்கிறவ எனக்கு மருந்து சொல்ல வந்துட்டா" என்றேன். நான் எழுதும் தமிழுக்கும் அன்று என் வாயிலிருந்து வந்ததற்கும் எவ்வளவு தூரம் பார். அஞ்சலை ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். நான் குவளையை நீட்டினேன். அவர் அதை இரு கையாலும் வாங்கி, "டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் குடித்தார்.

பதின்மூன்றாம் நாள் அவருக்கு நினைவு தடுமாறியது. என் பெயரைக் கேட்டார். அரியலூருக்கு ஓடினோம். அங்கிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள். மீதியை நீ அருகிலிருந்து பார்த்தாய். "எத்தன நாளா இருக்கு?" என்று மருத்துவர் கேட்டபோது நீ அறைக்கு வெளியே நின்றாய், என் விடை உன் காதில் விழவில்லை. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவரிடம் பிறகு கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாதும்மா. முயற்சி பண்ண நாள் இருந்திருக்கும்" என்றார். அந்த நாள்கள் எங்கே போயின என்பது எனக்குத் தெரியும். குவளை குவளையாகப் போயின.

முதலாண்டுத் திதியன்று சமையற்கட்டு நிலைப்படியில் உட்கார்ந்து நீ சொன்னாய்: "நான் அன்னைக்கே பஸ் ஏறியிருக்கணும்மா. பரீட்சை என்ன பெரிய பரீட்சை." நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டே இருந்தேன். "நான்தான் உன்னைத் தடுத்தேன், தேறுகிறார் என்று பொய் சொன்னேன்" என்று சொல்ல அப்போது ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. என் பிழைகளை வரிசைப்படுத்தச் சொன்னால், தவறான செடியைக்கூட இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதலாவது அந்த வாழைக்காய். உனக்கு உரியதல்லாத பழியை ஐந்தாண்டுகள் உன் தோளில் சுமக்க விட்டுவிட்டு, நான் உனக்குச் சோறு பரிமாறியிருக்கிறேன். இதோ, இப்போது சொல்கிறேன். நீ சரியாகச் சொன்னாய், முதல் நாளே சொன்னாய். உன்னை வர விடாமல் செய்தவள் நான். இனி அந்தச் சுமையை இறக்கிவிடு.

செடியின் உண்மை எனக்குத் தெரிந்தது மூன்றாண்டுகளுக்கு முன். அரும்பாவூரில் உன் மாமாவின் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். காலையில் வயலோரம் நடந்தபோது, முழங்கால் வலி வந்த பிறகு எனக்குப் பழகிப்போன விதத்தில், கீழே பார்த்து நடந்தேன். வாய்க்கால் கரையில் அது கிடந்தது. ஒடுங்கி நீண்ட இலை, வேல்முனை. நீண்ட காம்பில் தனித்தனியாகச் சிறு மஞ்சள் பூ. இலையைத் தடவினேன், கன்றுக்குட்டியின் நாக்குபோல் சொரசொரத்தது. கோட்டுப் படம் அப்படியே உயிரோடு கிடந்தது. வரைந்தவர் கவனமாகத்தான் வரைந்திருந்தார். நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். விருந்துக்குப் போகவில்லை, தலைசுற்றல் என்று சொல்லிவிட்டேன்.

அங்கிருந்து எட்டுக் கொடிகளை எடுத்து வந்தேன். அவற்றை வளர்க்க நான் பட்ட பாடு தனிக்கதை. முதல் முறை நம் மண்ணிலேயே நட்டேன். பத்து நாளில் மஞ்சளித்து மடிந்தன. குழி தோண்டியபோது, நீ சிறுவயதில் பொறுக்குவாயே, சுருள் சிப்பி பதிந்த கல், அதுபோல் ஒன்று கிடைத்தது. ஒரு காலத்தில் கடலாக இருந்த மண்ணில் ஒரு வாய்க்கால் செடி பிழைக்க மறுத்தது. இரண்டாம் முறை ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினேன். உப்புப் பூத்து வேர் கருகியது. மூன்றாம் முறை உன் மாமாவிடம் சொல்லி இரண்டு சாக்கு ஏரி வண்டல் வரவழைத்து, கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்த பழைய சிமெண்டுத் தொட்டியை நிரப்பி, பிடித்து வைத்த மழைநீரை ஊற்றி வைத்தேன். மண் எப்போதும் சேறாகக் கைக்கு ஒட்ட வேண்டும். தண்ணீர் மேலே தேங்கவும் கூடாது. பிற்பகல் வெயில் படக் கூடாது. லாரிகள் கிளப்பும் வெண்தூள் இலையில் படிந்தால் அது மூச்சு விடத் திணறும். வாரம் இருமுறை ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைக்கிறேன். மெதுவாகத்தான் வளர்கிறது. ஒரு கணு வேர் பிடித்ததா என்று பார்க்க நான் மூன்று வாரம் காத்திருக்கிறேன். காத்திருக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இவ்வளவு வயதாகியிருக்கிறது.

ஆனால் இளங்கோ, இந்த மூன்றாண்டும் நீ ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசித் திரையில் "அப்பா செடியக் காட்டும்மா" என்று கேட்பாய். அவர் போன பிறகு நீ இட்ட பெயர் அது. நான் வாசலுக்குப் போய் அந்தப் பளபளக்கும் பொய்யைக் காட்டுவேன். பூத்துக் குலுங்கும். "சூப்பரா இருக்கும்மா. அப்பா சிரிக்கற மாதிரி இருக்கு" என்று ஒருமுறை சொன்னாய். கிணற்றடித் தொட்டியை உனக்குக் காட்டவே இல்லை. அதைக் காட்டினால் இதைச் சொல்ல வேண்டியிருக்கும். அப்பா செடி என்று ஒன்று இல்லையப்பா. அவர் அருந்தியது உன் அம்மாவின் செருக்கை.

இன்று விடிந்ததும் மண்வெட்டியை எடுத்து வாசலில் இறங்கினேன். அதைப் பிடுங்குவது எளிதன்று. ஒரு கணு மண்ணில் மிஞ்சினால் போதும், மீண்டும் கிளம்பிவிடும். ஆட்டோடு வந்த அஞ்சலை சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஆட்டை மரத்தில் கட்டிவிட்டுத் தானும் குனிந்தாள். ஆறு ஆண்டில் அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இன்று கேட்டேன். "நீ அன்னைக்குச் சொன்னது சரி, அஞ்சலை. நான்தான் கேக்கல."

அவள் கொடியைச் சுருட்டிக்கொண்டே, "அத வுடுக்கா" என்றாள். பிறகு நிமிராமலே சொன்னாள்: "அண்ணனுக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கி நான் திரும்பி வரப்ப என்னையக் கூப்ட்டாரு. நீ கெணத்தடியில இருந்த. 'அஞ்சல, நெசமாவே அது இல்லையா'ன்னாரு. இல்லண்ணேன்னேன். அப்பறம், 'அவகிட்ட இனிமே சொல்லாத. ரொம்ப வெசனப்படுவா'ன்னாரு."

அதன்பின் மூன்று காலைகள் இருந்தன, இளங்கோ. மூன்று காலைகளிலும் நான் அரைத்தேன். மூன்று காலைகளிலும் அவர் இரு கையாலும் வாங்கிக் குடித்தார். வேலியை வெட்டி அரைத்தது போலிருக்கிறது என்று அந்த மூன்று நாளும் அவர் சொல்லவில்லை என்பது இப்போதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இதற்காக அவரை நினைத்து உருகுவதா, கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்து அழுதேன். அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். பிடுங்கிய கொடிகளைத் துணி துவைக்கும் கல்லின்மேல் பரப்பியிருக்கிறோம். மண் தொடாமல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அப்புறப்படுத்த வேண்டும்.

நீ கணவனானபோது நான் உனக்கு அறிவுரை ஏதும் கூறவில்லை. திருமணத்தன்று நல்ல தமிழில் ஒரு வாழ்த்துரை வாசித்தேன், எல்லோரும் கைதட்டினார்கள், அதில் உனக்குப் பயன்படும் வரி ஒன்றும் இல்லை. இதை வைத்துக்கொள். கயல் தவறான குவளையை நீட்டும் நாள் ஒன்று வரும். அன்பு என்று எண்ணி அதை வாங்கிக் குடித்துவிடாதே. அவள் முகம் வாடட்டும். ஒரு வேளை உன்னோடு பேசாமல் இருக்கட்டும். "இது அது இல்லை" என்று சொல். நீ தவறான குவளையை நீட்டும் நாளும் வரும். அன்று அவள் சொல்லும்போது, எந்த நூலையும் எடுத்துக் காட்டாமல் கேள்.

நீங்கள் வரும்போது வாசலில் பூ இருக்காது, வெறும் மண்தான் இருக்கும். கிணற்றடித் தொட்டியில் உண்மையான செடி இருக்கிறது. நான்கு கொடிகளை வெட்டி, ஈர வண்டலோடு வாழைமட்டையில் கட்டித் தருகிறேன். அகலமான தொட்டியில், காலை வெயில் மட்டும் படும் மூலையில் வை. உண்பதற்கன்று, வளர்ப்பதற்கு. வைப்பதற்கு முன் இலையைத் தடவிப் பார். சொரசொரக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள். நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதே. வர மனமில்லையென்றால் கயலின் தாய் வீட்டிலேயே வளைகாப்பை வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்கும் உரிமை எனக்கில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்துவிட்டு என்னை அழைத்தால், திட்டு, அழு, ஏன் சொல்லவில்லை என்று கேள், அல்லது பேசாமல் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிரு. "நீ சொன்னா சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதே. அதைச் சொல்லிய ஒருவரை நான் இழந்துவிட்டேன்.

உன் அம்மா